பூட்டிய பேக்கப் காலியாகத் தெரிந்தால்...

கேள்வி: ஃபைல்களைக் கிளவுடுக்கு நகலெடுக்கும் 'ஆர்குளோன்' (rclone) மென்பொருளின் 'கிரிப்ட்' வசதி மூலம் ஃபைல்களை என்கிரிப்ட் செய்து (சாவியில்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி) கிளவுடில் வைத்திருந்தேன். கம்ப்யூட்டரின் டிஸ்க் பழுதாகிவிட்டது. புதிய கம்ப்யூட்டரில் அதே பாஸ்வேர்டைக் கொடுத்தேன். பட்டியல் காலியாக வருகிறது. பிழைச் செய்தியும் இல்லை. ஆனால் கிளவுடில் 80 ஜிபி நிரம்பியிருக்கிறது. எல்லாம் போய்விட்டதா?

பதில்: போகவில்லை. பதற்றத்தில் 'சிங்க்' கட்டளையை மட்டும் ஓட்டிவிடாதீர்கள். இலக்கை அச்சு அசலாக மூலத்தைப் போல ஆக்குவதுதான் சிங்க்கின் வேலை. மூலம் காலியாகத் தெரியும் நேரத்தில் ஓட்டினால், இலக்கு ஃபோல்டரில் மிச்சமிருப்பதையும் துடைத்துவிடும். மீட்பதற்கு எப்போதும் 'காப்பி' கட்டளைதான். அதையும் முதலில் 'டிரை-ரன்' (--dry-run: எதையும் மாற்றாமல், என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும் ஒத்திகை) சேர்த்து ஓட்டிப் பாருங்கள்.

காலியாகத் தெரிவதற்குக் காரணம், ஃபைல்களின் பெயர்களும் என்கிரிப்ட் ஆகியிருப்பதுதான். தன்னால் திறக்க முடியாத பெயரை ஆர்குளோனின் பழைய பதிப்புகள் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். கட்டளையோடு '-விவி' (-vv) சேர்த்தால், எந்தெந்தப் பெயரைத் தாண்டியது என்று வரிவரியாகச் சொல்லும்.

முதலில் பாதையைச் சரிபாருங்கள். கிரிப்டை ஒதுக்கிவிட்டு கிளவுடை நேரடியாகப் பட்டியலிடுங்கள். சின்ன எழுத்தும் எண்ணும் கலந்த, வாயில் நுழையாத நீளப் பெயர்கள் எந்த ஃபோல்டருக்குள் தொடங்குகின்றனவோ, அதைத்தான் கிரிப்ட் அமைப்பில் கிளவுட் இடத்தைக் குறிக்கும் 'ரிமோட்' வரியில் தர வேண்டும். முன்பு 'பேக்கப்' என்ற ஃபோல்டரைக் கொடுத்துவிட்டு, இப்போது அதற்கு ஒரு படி மேலே கொடுத்திருந்தால், பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் காலிதான். 'பேக்கப்' என்பது பூட்டிய பெயர் இல்லையே!

அடுத்தது இரண்டாவது பாஸ்வேர்ட், அதாவது 'சால்ட்'. பெரும்பாலும் மறந்துபோவது இதுதான். இரண்டும் சேர்ந்தே சாவி உருவாகிறது. முன்பு அதை வெறுமையாக விட்டிருந்தால் இப்போதும் அப்படியே விடுங்கள். முதல் பாஸ்வேர்டையே அங்கும் போட்டால் சாவி மாறிவிடும். காப்பி-பேஸ்ட் செய்யும்போது கடைசியில் ஒட்டிக்கொள்ளும் இடைவெளியும் இதே வேலையைக் காட்டும்.

இந்த அமைப்புகளெல்லாம் சேமிக்கப்பட்டிருக்கும் பழைய 'ஆர்குளோன்.கான்ஃப்' (rclone.conf) ஃபைல் வேறு கம்ப்யூட்டரில் கிடைத்தால் இந்த அலைச்சலே வேண்டாம். அதை அப்படியே கொண்டுவந்து வைத்தால் போதும். அதிலுள்ள பாஸ்வேர்ட் உருமாற்றி எழுதப்பட்டதே தவிர, பூட்டப்பட்டதல்ல. ஃபைலுக்கே தனியாகப் பாஸ்வேர்ட் போடாதவரை, கையில் கிடைத்த எவரும் பயன்படுத்தலாம். ஆகவே பத்திரம்.

கேள்வி: எனக்குப் பெயர்கள் சரியாகத் தெரிகின்றன. சில ஃபைல்கள் மட்டும் 'பேட் பாஸ்வேர்ட்?' என்று கேட்டு நின்றுவிடுகின்றன. பாஸ்வேர்ட் தவறா?

பதில்: தவறாக இருந்தால் ஒன்றுகூடத் திறக்காது. சில மட்டும் என்றால் அந்த ஃபைல்கள்தான் சேதம். ஆர்குளோன் ஒவ்வொரு ஃபைலையும் 64 கேபி துண்டுகளாக்கி, துண்டுக்கு 16 பைட் சரிபார்ப்பு முத்திரை வைக்கிறது. முத்திரை பொருந்தாத துண்டில் நின்றுவிடுகிறது. தொடக்கத்தில் 32 பைட் தலைப்பும் உண்டு. எனவே வெற்று ஃபைல்கூட கிளவுடில் 32 பைட் இருக்கும். 1 பைட் ஃபைல் 49 பைட். அங்கே 0 பைட் தெரிந்தால், பூட்டிய ஃபைல் முழுதாகப் போய்ச் சேரவில்லை. 'கிரிப்ட்டிகோட்' (cryptdecode) கட்டளையில் 'ரிவர்ஸ்' (--reverse) சேர்த்து, சேதமான ஃபைலின் பூட்டிய பெயரைக் கண்டுபிடியுங்கள். கிளவுடில் பழைய பதிப்புகளை வைக்கும் வசதி இருந்தால், அந்தப் பெயரில் முந்தைய பதிப்பை மீட்கலாம். மூல ஃபைல்கள் கையில் இருப்பவர்கள் 'கிரிப்ட்செக்' (cryptcheck) ஓட்டி இப்போதே ஒப்பிட்டுவிடுங்கள்.

கேள்வி: ஃபைல்களைப் பூட்டி வைக்கும் இன்னொரு மென்பொருளான கிரிப்டோமேட்டரின் பெட்டகத்தை இரண்டு கம்ப்யூட்டர்களில் சிங்க் செய்கிறேன். ஒரு ஃபோல்டர் திறக்கவில்லை.

பதில்: இரண்டிலும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் மோதல் வரலாம். ஒன்றில் பூட்டி, சிங்க் முழுதாக முடிந்தபின் மற்றதில் திறங்கள். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் 'டிர்.சி9ஆர்' (dir.c9r) என்ற சின்ன ஃபைல் அடையாளமாக இருக்கிறது. அதைத் தொலைத்தால் உள்ளே இருப்பவை அழியாது, ஆனால் அவற்றுக்கு வழி தெரியாது. கிளவுட் மென்பொருளின் குப்பைத்தொட்டியிலும் 'கான்ஃப்ளிக்ட்' பெயருள்ள நகல்களிலும் தேடுங்கள். பெட்டகத்தில் பூட்டிய ஃபைல்கள் இருக்கும் 'டி' (d) ஃபோல்டருக்குள் எதையும் கையால் பெயர் மாற்றாதீர்கள். பெட்டகத்தின் 'மாஸ்டர்கீ' ஃபைல் தொலைந்தால் பாஸ்வேர்ட் மட்டும் உதவாது. பெட்டகத்தை மீட்க உதவும் ரெக்கவரி கீயை இன்றே எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள்.