ஸ்பிரிங்கில் ரம்பம் படக் கூடாது

கேள்வி: என் உயரம் 5 அடி 2 அங்குலம், எடை 54 கிலோ. செகண்ட் ஹேண்டில் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் வாங்கியிருக்கிறேன். காசிமேட்டிலிருந்து எண்ணூருக்கு தினமும் வேலைக்குப் போகிறேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நிற்கும்போது கால்விரல் நுனிதான் தரையில் படுகிறது. பின் ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டினால் போதும் என்கிறார் மெக்கானிக். வெட்டலாமா?

பதில்: வெட்டவே வெட்டாதீர்கள். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் மிருதுவாகாது, இன்னும் விறைப்பாகும். வெட்டிய முனை தட்டையாக உட்காராமல் ஒரு பக்கம் சாயும். ராடு அந்தப் பக்கமே உரசி, ஆயில் சீல் போய், ஷாக் கசியத் தொடங்கும். கேஸ் வைத்துச் சூடாக்கி அமுக்கித் தருகிறேன் என்பவர் இன்னும் ஆபத்து. பதம் போன ஸ்பிரிங் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே இருக்கும்.

முதலில் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அமுக்கி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். பழைய ஓனர் பின்னால் ஆளும் மூட்டையும் ஏற்றி ஓட்டியவராக இருந்தால் ஷாக்கின் காலரை (ஸ்பிரிங்கை அமுக்கும் வளையம்) இறுக்கி வைத்திருப்பார். உங்கள் 54 கிலோவுக்கு அந்த ஸ்பிரிங் அசையவே அசையாது, வண்டி உயரமாகவே நிற்கும். மெயின் ஸ்டாண்டில் பின் சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது, அச்சிலிருந்து நேர் மேலே பாடியில் ஒரு புள்ளிவரை டேப் வைத்து அளங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்து, ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, நீங்கள் ஏறி உட்கார்ந்து மறுபடி அளங்கள். இந்த வண்டியின் பின் சக்கரம் 180 மி.மீ. ஏறி இறங்கும், உட்காரும்போது அதில் 45 முதல் 60 மி.மீ. அமுங்க வேண்டும். குறைவாக அமுங்கினால், சி-ஸ்பேனரால் (கொக்கி போன்ற ஸ்பேனர்) காலரை ஒவ்வொரு படியாகத் தளர்த்துங்கள். காசு செலவில்லாத வேலை இது.

அடுத்தது சீட். கம்பெனி சொல்லும் 800 மி.மீ. உயரத்தை விட, சீட்டின் முன்பக்க அகலம்தான் தொடையை விரித்துக் காலைத் தரையிலிருந்து தூக்குகிறது. சீட் கடையில் ஃபோமை மேலே 20 மி.மீ., முன்னால் இரு ஓரத்திலும் சரிவாகச் செதுக்கச் சொல்லுங்கள். அடித்தகடு இடிக்கும் அளவுக்குச் செதுக்க விடாதீர்கள். தடித்த அடியுள்ள ஷூவும் கைகொடுக்கும். இரண்டு பாதமும் முழுதாகப் பதிய வேண்டும் என்பதில்லை. இடது பாதம் பதிந்து, வலது கால் பிரேக்கில் இருந்தால் போதும்.

இதற்கும் எட்டவில்லை என்றால் மட்டும் லோயரிங் லிங்க். பின் ஷாக்கையும் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையும் இணைக்கும் லிங்க்கை மாற்றி வண்டியை இறக்கும் வழி இது. எல்லா மோனோஷாக் (பின்னால் ஒரே ஷாக் உள்ள) வண்டிக்கும் இது பொருந்தாது. பல்சர் என்எஸ்200, டியூக் போன்றவற்றில் ஷாக் நேராக ஸ்விங் ஆர்மில் இணைந்திருக்கும். மாற்ற அங்கே லிங்க்கே இல்லை. அதற்கும் லிங்க் இருக்கிறது என்று ஒருவர் விற்றால், ஷாக்கின் போல்ட் ஓட்டையை இடம் மாற்றும் வெல்டிங் தகட்டைத்தான் விற்கிறார். அந்தத் தகடு பிய்ந்தால் ஷாக் கழன்று, பின்பக்கம் மொத்தமாக உட்கார்ந்துவிடும். உங்கள் ஹிமாலயனில் லிங்க் உண்டு. 25 மி.மீ.க்கு மேல் இறக்காதீர்கள். 220 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் 195க்குக் கீழே போகாது. நம் வேகத்தடைகளுக்கு அது தாராளம்.

பின்னால் மட்டும் இறக்கினால் முன்சக்கரம் லேசாகி, திருப்பம் மந்தமாகும். அதனால் முன்பக்கமும் இறங்க, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களை, அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்புக்கு மேலே 10 மி.மீ. ஏற்றிப் பூட்டுங்கள், இரு பக்கமும் ஒரே அளவா என்று வெர்னியரில் பார்க்க வேண்டும், போல்ட்டை டார்க் ரெஞ்ச்சில்தான் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இறுக்க வேண்டும். ஹேண்டிலை முழுக்கத் திருப்பி, குழாய் எங்கும் இடிக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். பலரும் மறப்பது சைட் ஸ்டாண்டை. வண்டி இறங்கியதும் அது நீளமாகிவிடும். வண்டி நேராக நின்று, லேசான சரிவிலும் வலது பக்கம் கவிழும். நிறுத்திப் பார்த்து, அளந்து, பிறகு ஸ்டாண்டைக் குறையுங்கள். ஹெட்லைட்டையும் கீழே இறக்குங்கள், இல்லாவிட்டால் எதிரே வருபவரின் கண் கூசும்.

'ஆர்.சி.யில் உயரத்தை ஏற்றித் தருகிறேன்' என்று ஆர்.டி.ஓ. வாசலில் நிற்கும் புரோக்கரிடம் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். ஆர்.சி.யில் சீட் உயரத்துக்குக் கட்டமே கிடையாது. மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 182ஏ(4), அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது. அது பிடிப்பது ஓனரை. வெட்டிக் கொடுத்தவர் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். எந்த மாற்றம் சரி, எது தப்பு என்று சாமானியருக்குப் புரியும்படி ஒரு பட்டியல் ஒட்ட இத்தனை வருஷமாக ஒரு அலுவலகத்துக்கும் மனம் வரவில்லை. அதனால்தான் ப்ரீலோடையும் சீட்டையும் முதலில் சொன்னேன். லிங்க் வரை போனால் பில் வாங்குங்கள், கழற்றிய ஒரிஜினல் லிங்க்கைப் பத்திரமாக வைத்திருங்கள். 200 கி.மீ. ஓடியதும் லிங்க் போல்ட், கிளாம்பு போல்ட், செயின் தளர்வு மூன்றையும் மறுபடி பாருங்கள்.