பீட் பெஸ்டுக்கும் ஒரு காலம்

அன்புள்ள அண்ணா,

பீட்டில்ஸ் குழுவோட ஆரம்பகால ரெக்கார்டிங் எல்லாத்தையும் 1957லேர்ந்து 1962 வரைக்கும் எக்செல்ல ஏத்திட்டு இருக்கேன். தேதி, இடம், பாட்டு, யார் எதை வாசிச்சாங்கன்னு தனித்தனி காலம். ரெண்டு சந்தேகம். 1961ல ஹாம்பர்க்ல டோனி ஷெரிடன்ங்கற பாடகருக்குப் பின்னணி வாசிச்சதை அவங்க முதல் ரெக்கார்டிங்னு எடுத்துக்கலாமா? அடுத்தது, 'லவ் மீ டூ' பாட்டுல ட்ரம்ஸ் யாருன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, ஏஐ வச்சு ட்ரம்ஸை மட்டும் பிரிச்சுக் கேட்டா யார் கைன்னு எனக்கே தெரிஞ்சிடும்னு நினைக்கிறேன். ரிங்கோவுக்கு முன்னாடி ட்ரம்மரா இருந்த பீட் பெஸ்ட் வாசிச்சதை எல்லாம் 'பயிற்சி'ன்னு தனி ஷீட்டுக்குத் தள்ளிட்டேன். சரியா வாசிக்கலன்னுதானே அவரைத் தூக்கினாங்க? ரிங்கோ வந்தப்புறம்தானே அது பீட்டில்ஸ்?

க.

தம்பி,

போன வாரம் பரண்ல இருந்த தகரப்பெட்டியை இறக்கினப்ப பழைய ரசீது ஒண்ணு கிடைச்சுது. அதைக் கையில வச்சுக்கிட்டு ரெண்டு நாளா ஒரு மாதிரி உக்காந்திருந்தேன், அப்பதான் உங்க கடிதம் வந்துது. இல்லன்னா சத்தியமா பதில் போட்டிருக்க மாட்டேன், பீட்டில்ஸ் பத்தி வர்ற கடிதத்துக்கெல்லாம் பதில் எழுதினா எனக்கு வேற வேலை ஓடாது. ரசீது கதையை அப்புறம் சொல்றேன்.

முதல்ல ஏஐ. தாராளமா பிரிச்சுக் கேளுங்க, கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா 'யார் கைன்னு எனக்கே தெரிஞ்சிடும்'னு எழுதியிருக்கீங்களே, அந்தத் தெனாவட்டு மட்டும் வேண்டாம். அந்தப் பாட்டுக்கு அவ்வளவு பெரிய காதும் தேவையில்ல. அப்ப வெளிவந்த தட்டுகள்ல டாம்பரின் (ஓரத்துல சலங்கை வச்ச கைவாத்தியம்) சத்தம் கேக்குதான்னு பாருங்க, கேட்டா ட்ரம்ஸ் ஆண்டி வைட், கேக்கலன்னா ரிங்கோ. மூணு தடவை ரெக்கார்ட் பண்ணாங்க, எல்லாம் 1962ல, லண்டன் ஈஎம்ஐ ஸ்டூடியோல. ஜூன் 6ஆம் தேதி பீட் பெஸ்ட். செப்டம்பர் 4 ரிங்கோ. செப்டம்பர் 11க்கு ஆண்டி வைட்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரரைக் கூலிக்குக் கூப்பிட்டு ட்ரம்ஸ்ல உக்கார வச்சு, ரிங்கோ கையில டாம்பரினைக் கொடுத்து நிக்க வச்சிட்டாங்க. அக்டோபர் 5 சிங்கிள் வந்தப்ப தட்டுல இருந்தது ரிங்கோ வாசிச்சது, அடுத்த வருஷம் வந்த ஆல்பத்துல இருக்கறது ஆண்டி வைட் வாசிச்சது. குழப்பத்துக்குக் காரணம் அவ்வளவுதான். நீங்க மட்டும் குழம்பல, 2012ல அம்பதாவது வருஷம்னு அதே சிங்கிளை அப்படியே திரும்பக் கொண்டு வர்றோம்னு சொல்லி அடிச்ச தட்டுல டாம்பரின் கேட்டுச்சு! சொந்தப் பாட்டு, சொந்த கம்பெனி, தப்பான டேக். அதை நிறுத்திட்டு வேற அடிச்சாங்க. இதுல செப்டம்பர் 4க்கு மாஸ்டர் டேப்பே இப்ப கிடையாது, நல்லா இருக்கற பழைய தட்டுலேர்ந்துதான் எடுத்துப் போடறாங்க.

இதெல்லாம் எப்படித் தெரிஞ்சுதுன்னு யோசிச்சீங்களா? காதால இல்ல தம்பி. பணம் கொடுத்த கணக்கால. அந்தக் காலத்து லண்டன்ல ஒரு செஷன்னா மூணு மணி நேரம், காலைல ஒண்ணு, மதியம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, ஒரு செஷன்ல அதிகபட்சம் இருபது நிமிஷப் பாட்டுதான் எடுக்கலாம்னு இசைக்கலைஞர் சங்கத்தோட விதி. யார் வந்தாங்க, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது, யாருக்கு எவ்வளவுன்னு காகிதம் இருந்தாகணும், இல்லன்னா சங்கம் சண்டைக்கு வரும். அன்னிக்கு ஆண்டி வைட்டுக்குக் கொடுத்தது 5 பவுண்ட் 15 ஷில்லிங், ட்ரம்ஸைத் தூக்கிட்டு வந்ததுக்குத் தனியா 10 ஷில்லிங். உலகம் பூரா வித்த பாட்டுக்கு அந்த மனுஷனுக்கு அவ்வளவுதான். ஆனா அந்தக் கணக்கு இருக்கறதாலதான் அவர் பேரு நிக்குது. ரசிகன் தட்டைத்தான் பத்திரமா வச்சிருப்பான், ரசீதைப் பத்திரமா வச்சது கணக்குப்பிள்ளை.

போட்டோவையும் விடாதீங்க. செப்டம்பர் 4 எடுத்த படத்துல ஜார்ஜ் ஹாரிசன் கண்ணு கீழ வீங்கிக் கறுத்திருக்கும். பீட்டைத் தூக்கினதுக்கு லிவர்பூல் கேவர்ன் க்ளப்ல ரகளை, அதுல வாங்கின குத்து. தேதி எழுதாத படமா இருந்தாலும் அந்தக் கண்ணு தேதி சொல்லிடும்.

சரி, பீட் பெஸ்ட். இங்கதான் எனக்குக் கோபம்.

'பயிற்சி'ன்னு தனி ஷீட்டா? யாரு தம்பி பயிற்சி? 1960 ஆகஸ்ட்ல ஹாம்பர்க் கிளம்ப ட்ரம்மர் இல்லாம முழிச்சப்ப சேர்ந்தவர், 1962 ஆகஸ்ட் 16 குழுவோட மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன் ஆபீசுக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்ற வரைக்கும் ரெண்டு வருஷம் முழுசா இருந்தவர். ஹாம்பர்க் க்ளப்ல ராத்திரி ராத்திரியா மணிக்கணக்கா அடிச்சது அவரு. அவங்கம்மா மோனா பெஸ்ட் வீட்டு நிலவறையில நடத்தின கேஸ்பா க்ளப்ல அந்தப் பசங்க வாசிச்சிருக்காங்க. 1961 ஜூன்ல டோனி ஷெரிடன் ரெக்கார்டிங்லயும் அவர்தான். 1962 ஜனவரி 1, பனியில லிவர்பூல்லேர்ந்து வேன்ல வந்து டெக்கா ரெக்கார்ட் கம்பெனியில ஒரே நாள்ல பதினஞ்சு பாட்டு வாசிச்சாங்களே, அதுலயும் அவர்தான். டெக்கா வேண்டாம்னுடுச்சு. கிடார் குழுவுக்கெல்லாம் இனி காலம் இல்லன்னு டெக்கா ஆளு சொன்னதா ஒரு வாக்கியம் ஊரெல்லாம் சுத்துது, அது எப்ஸ்டீன் சொன்ன ஞாபகம், சொன்னதாச் சொல்லப்பட்ட டிக் ரோ அப்படிச் சொல்லவே இல்லன்னுட்டாரு. அதை உங்க ஷீட்ல 'குறிப்பு'ன்னு போட்டிருந்தீங்கன்னா இப்பவே எடுத்துடுங்க.

இப்ப நான் சொல்றதைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க. ஜூன் 6 செஷனுக்கப்புறம் ஈஎம்ஐ தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் சொன்னது என்ன? ரெக்கார்டிங்குக்கு நான் வேற ட்ரம்மரை வச்சுக்கறேன், மேடையில உங்க பையனே வாசிக்கட்டும்னுதான். அன்னிக்கு அது வழக்கம், ஸ்டூடியோ வாசிப்பே வேற தொழில், அதுக்குன்னே ஆளுங்க இருந்தாங்க. சரி, அவரைத் தூக்கிட்டு ரிங்கோவைக் கூட்டிட்டு வந்தாங்க. செப்டம்பர் 11 என்ன ஆச்சு? அதே வழக்கம், ரிங்கோவுக்கும் மேல ஒரு ஆளு. கூலி ஆள் வந்ததாலயே பீட் பெஸ்ட் மட்டம்னு ஆகும்னா அதே கணக்குல ரிங்கோவும் மட்டம்தான? அப்படி யாராவது சொல்லுவாங்களா? மாட்டாங்க, ஏன்னா ரிங்கோவுக்கு அடுத்த வாரம் இருந்துச்சு. அதுக்கடுத்த வருஷமும் இருந்துச்சு, 1963 பிப்ரவரி 11 ஒரே நாள்ல பத்துப் பாட்டு எடுத்துத் தள்ளினாங்களே, அங்க அவர் உக்காந்து அடிச்சாரு, எல்லார் வாயையும் அடைச்சாரு. அப்பவும் அந்த டாம்பரின் விஷயத்தை மட்டும் அவர் மறக்கல, ஜார்ஜ் மார்ட்டினை வருஷக்கணக்கா குத்திக்காட்டிட்டே இருந்தாரு. பீட் பெஸ்ட்டுக்கு அந்த அடுத்த வாரம் கிடைக்கல. நீங்க அதை எடுத்துத் திறமைங்கற காலத்துல எழுதறீங்க.

ஜூன் 6 டேக்கைக் கேட்டேன், ஒத்துக்கறேன், நடுவுல ஒரு இடத்துல அடியை மாத்தறாரு, பாட்டு தள்ளாடுது. அதே டேக்ல பால் மெக்கார்ட்னி குரலும் நடுங்குது. அதுவரைக்கும் தலைப்பு வரியைப் பாடிட்டு இருந்தது ஜான் லெனன், அந்த வார்த்தை முடியற இடத்துலயே மவுத் ஆர்கன் வாசிக்கணும், ஒரே வாயி ரெண்டையும் செய்ய முடியாதுன்னு அந்த நிமிஷம் பாலைப் பாடச் சொல்லிட்டாங்க. அந்த நடுக்கத்துக்கு ஒரு காரணம் தேடி மன்னிச்சீங்கல்ல, இதுக்கும் தேடுங்க.

அந்த ஜூன் 6 டேப்புல பெரும்பாலும் அழிஞ்சு போச்சு. ஆடிஷன் டேப்பை யாரு பாதுகாப்பாங்க, டேப் அன்னிக்கு விலை அதிகம். 'லவ் மீ டூ' ஒரு தட்டா ஜார்ஜ் மார்ட்டின் வீட்டுல கிடந்து, முப்பது வருஷம் கழிச்சு வெளிய வந்துச்சு. 1995ல ஆந்தாலஜி முதல் தொகுப்புல பீட் பெஸ்ட் வாசிச்ச பத்துப் பாட்டு வந்து அவருக்குப் பணமும் வந்துச்சு. ஆனா அட்டையைப் பாருங்க, கிழிஞ்ச பழைய படத்துல அவர் முகம் இருந்த இடத்தைக் கிழிச்சு ரிங்கோ முகத்தை வச்சிருப்பாங்க. பல வருஷம் கழிச்சு பீட் பெஸ்ட் தன்னோட குழு ஆல்பம் போட்டப்ப அந்தக் கிழிஞ்ச துண்டையே அட்டையா வச்சாரு. அந்த மனுஷன் மேல எனக்கு மரியாதை வந்ததே அன்னிக்குத்தான்.

ரசீதுக்கு வர்றேன். காலேஜ்ல நாங்க நாலு பேரு ஒரு குழு வச்சிருந்தோம், ரெண்டு பாட்டு வாடகை ஸ்டூடியோல எடுத்து கேசட் போட்டோம். அட்டையில பாங்கோஸ் (கையால தட்டற சின்ன ஜோடி ட்ரம்) வாசிச்சதுன்னு என் பேரு. இருபத்தஞ்சு வருஷமா அதைச் சொல்லிட்டு இருக்கேன், பசங்க கிட்ட, பேட்டியில, இதே தளத்துல ரெண்டு தடவை. அன்னிக்கு ஹெட்போன் காதுல சுட்டது, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இன்ஜினியர் டீ குடிச்சது எல்லாம் ஞாபகம் இருக்கு. ரசீதுல பாங்கோஸ்னு எழுதி கையெழுத்து போட்டிருக்கறவன் நான் இல்ல. அவனை நாங்க ஒரு மாசம் கழிச்சு விலக்கினோம், தாளம் ஓடுதுன்னு சொல்லித்தான். அட்டை அச்சுக்குப் போனப்ப குழுவுல இருந்தது நான், அதனால என் பேரு. கேட்டுப் பாத்தேன் தம்பி, இப்ப திரும்ப, அந்த கேசட்டை. தாளமெல்லாம் எங்கயும் ஓடல. ஹெட்போன் சூடு எந்த நாளோடதுன்னு எனக்கு இப்பத் தெரியல. உங்க காதுக்கு யார் கைன்னு தெரிஞ்சிடுமா? எனக்கு என் கையே தெரியல.

அதனால ஷீட்டைக் கலைங்க. 'அங்கத்தினர்'னு ஒரே காலம் வச்சா தப்பாத்தான் வரும். அன்னிக்குக் குழுவுல யாரு இருந்தா, அந்த அறையில யாரு வாசிச்சா, வெளிய வந்த தட்டுல யாரு கேக்கறா, அட்டையில யாரு பேரு, நாலும் நாலு காலம். நாலுக்கும் ஒரே பதில் வர்ற வரி அந்த வருஷங்கள்ல ரொம்பக் கம்மியாத்தான் இருக்கும். ஹாம்பர்க்ல எடுத்து முதல்ல ஜெர்மனியில வந்த தட்டுல பீட்டில்ஸ்ங்கற பேரே வராது, பீட் பிரதர்ஸ்னுதான் போட்டாங்க.

முதல் ரெக்கார்டிங் எதுன்னு கேட்டிருந்தீங்க, மறந்தே போயிட்டேன். 1957 ஜூலை 6, லிவர்பூல் வூல்டன் சர்ச் விழாவுல ஜானோட அப்போதைய குழு வாசிச்சதை க்ரண்டிக் டேப் ரெக்கார்டர்ல பிடிச்சது ஒண்ணு இருக்கு, ஆனா அன்னிக்குத்தான் பாலும் ஜானும் முதல்ல சந்திச்சதே, டேப்ல பால் கிடையாது. பணம் கொடுத்து எடுத்ததுன்னா 1958, லிவர்பூல்ல பெர்சி பிலிப்ஸ் வீட்டு ஸ்டூடியோ, 17 ஷில்லிங் 6 பென்ஸ். ஜான், பால், ஜார்ஜ், ட்ரம்ஸ்ல காலின் ஹாண்டன், பியானோல ஜான் லோ. அஞ்சு பேருக்கும் சேத்து ஒரே ஒரு தட்டு. ஆளுக்கு ஒரு வாரம்னு மாத்தி மாத்தி வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க, லோ கைக்கு வந்தது அங்கயே 23 வருஷம் தங்கிடுச்சு, 1981ல பால் காசு கொடுத்து வாங்கிக்கிட்டாரு. உங்களுக்கு எது முதல்னு நீங்களே போட்டுக்குங்க, எனக்கு அதுல பெரிய அக்கறை இல்ல.

ரசீதைப் போட்டோ எடுத்து அவனுக்கு வாட்ஸப்ல அனுப்பினேன், நம்பர் தேடிப் பிடிக்கவே ரெண்டு நாள் ஆச்சு. நீல டிக் விழுந்துடுச்சு. பதில் இன்னும் வரல. நீங்க திருத்தின ஷீட்டை அனுப்புங்க, பாக்கறேன்.