சேலையால் அளந்த வீடு

கேள்வி: குடிசைப் பகுதிப் பெண்கள் கூடி தினம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் சேர்த்தால் வறுமை ஒழிந்துவிடும் என்கிறார்களே, நடக்கிற காரியமா?
- வாசகர், ஆவடி

பதில்: ஒழியாது. ஒழியும் என்று உங்களிடம் சொன்னவர் கடன் கம்பெனி ஆளா என்று விசாரியுங்கள்.

ஆனால் அந்த ஒரு ரூபாயை நீங்கள் வெறும் பணமாகப் பார்க்கிறீர்கள். பம்பாய் பைகுல்லாவில் நடைபாதையில் குடிசை போட்டிருந்த பெண்கள் அப்படிப் பார்க்கவில்லை. 1985-ல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடக்கம் என்றது. அதே தீர்ப்பில், முறையாக நோட்டீஸ் கொடுத்து நடைபாதைக் குடிசைகளை அகற்றலாம் என்றும் சொன்னது! எந்த நேரமும் இடிக்க வருவார்கள் என்ற நிலையில், ஸ்பார்க் என்ற தொண்டு அமைப்பு அந்த மக்களையும் கூட்டிக்கொண்டு கணக்கெடுத்தது. சுமார் 6,000 குடும்பங்கள். நேற்று வந்த வழிப்போக்கர்கள் என்று ஊர் நினைத்திருந்தவர்களில் பலர் வருஷக்கணக்காக அங்கேயே இருந்து அந்த ஊருக்கே உழைத்தவர்கள்.

அடுத்த ஆண்டு அந்தப் பெண்கள் 'மகிளா மிலன்' என்ற சேமிப்புக் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் தொகைக்கு ஒரு நிறமாகக் காகிதத் துண்டு, ஆளுக்கு ஒரு பை, அதுதான் பாஸ்புக். வசூலுக்குப் போகிறவர் தினமும் ஒவ்வொரு வாசலிலும் நிற்பார். எந்த வீட்டில் காய்ச்சல், யாருக்கு வேலை போயிற்று, எவன் குடித்துவிட்டு அடித்தான், எல்லாம் தெரிந்துவிடும். காசு ஒரு சாக்குத்தான்.

பிறகு, தங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று அவர்களே யோசித்தார்கள். அளவு பார்க்க டேப் இல்லை, சேலையைப் பிடித்து அளந்தார்கள். உயரமான கூரை, மேலே பரண் என்று மாதிரி வீடு கட்டிக் கண்காட்சியே வைத்தார்கள்.

அவர்களுக்குத் தோள்கொடுத்த குடிசைவாசிகள் இயக்கத் தலைவர் ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். 2000-ல் மகசேசே விருது பெற்றவர். அவரைப் பற்றி எழுத நமக்கெல்லாம் இடம் இருக்கிறது. பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக நடந்தவர்களைப் பற்றி எழுத மட்டும் பக்கம் போதுவதில்லை. (என் பத்திரிகையையும் சேர்த்தே சொல்கிறேன்.)

அந்தப் பெண்களுக்கு பம்பாயின் புறநகரான மான்குர்த்தில் சொந்த வீடு கைக்கு வர ஏறத்தாழ இருபது வருஷம் ஆயிற்று. அதுவும் பழைய பிழைப்பிடமான பைகுல்லாவிலிருந்து வெகு தூரத்தில். மேடையில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் விட்டுவிடுவார்கள்.