அந்தப் படிவத்தில் இப்போது கையெழுத்திட வேண்டாம்

கேள்வி: சிக்னலை நெருங்கும்போது பிரேக் போட்டேன். பின்னால் வந்த வேன் என் கார் மீது மோதிவிட்டது. பம்பரும் டிக்கியும் நசுங்கிவிட்டன. மறுநாள் காலை முதல் கழுத்தைத் திருப்ப முடியவில்லை, வலது கை விரல்கள் மரத்துப்போகின்றன. மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஐந்தாம் நாள், வேனுக்குக் காப்பீடு அளித்த நிறுவனத்திலிருந்து ஒருவர் கனிவாகப் பேசினார். நடந்ததைத் தொலைபேசியில் சொன்னால் பதிவு செய்துகொள்வார்களாம். ஒரு படிவமும் அனுப்பியிருக்கிறார். கையெழுத்திட்டால் உடனே பணம் வந்துவிடுமாம். காரைச் சரிசெய்ய அந்தத் தொகை போதும். கையெழுத்திடலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் அனுப்பிய நகலில் உள்ள இந்த வரியை மெதுவாகப் படியுங்கள்: "இவ்விபத்து தொடர்பாக இப்போது உள்ள, இனி எழக்கூடிய அனைத்துக் கோரிக்கைகளுக்கும் முழுமையான, இறுதித் தீர்வாக இத்தொகையைப் பெற்றுக்கொள்கிறேன்." ‘இனி எழக்கூடிய’ என்ற அந்த இரண்டு சொற்களுக்குள்தான் உங்கள் கழுத்து இருக்கிறது. பின்னாலிருந்து மோதும்போது தலை வெடுக்கென்று முன்னும் பின்னும் ஆடுகிறது. அதனால் வரும் வலி பல நேரங்களில் சில மணி நேரமோ சில நாட்களோ கழித்துத்தான் தெரியவரும். விரல் மரத்துப்போவது நரம்பு நசுங்கியதாலா, சில வாரங்களில் சரியாகிவிடுமா, நெடுநாள் சிகிச்சை வேண்டுமா என்று இன்று யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு விலை பேசி முடிக்கச் சொல்கிறது அந்தப் படிவம். பம்பர் செலவுக்கான பணத்தில் கழுத்துக்கான உரிமையும் சேர்ந்து போய்விடும். கையெழுத்திட்ட பிறகு அதை ரத்து செய்ய வேண்டுமானால் ஏமாற்றினார்கள், கட்டாயப்படுத்தினார்கள் என்பது போல ஏதாவது ஒன்றை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். "படிக்காமல் போட்டுவிட்டேன்" என்ற வாதம் பெரும்பாலும் எடுபடாது. அப்படி வந்தவர்களைக் கைவிரித்துத் திருப்பி அனுப்பிய நாட்கள் என் மனதில் இன்னும் உறுத்துகின்றன.

காரைச் சரிசெய்யப் பணம் அவசரம் என்பது புரிகிறது. அதற்கு வழி இருக்கிறது. வாகனச் சேதத்தையும் உடல் காயத்தையும் பிரித்துத் தீர்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். "இத்தொகை வாகனச் சேதத்துக்கு மட்டுமே. உடல் காயம், மருத்துவச் செலவு, வருமான இழப்பு தொடர்பான என் உரிமைகள் எதையும் இது பாதிக்காது" என்ற வாசகம் ரசீதில் இருந்தால் பெற்றுக்கொள்ளுங்கள். மறுத்தால், அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள்.

தொலைபேசிப் பதிவைப் பற்றி. பேசியவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அந்த நிறுவனத்துக்கும் உங்களுக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது. அது வேன்காரரின் பொறுப்பைக் குறைக்க வேண்டிய நிறுவனம். "நானும் கொஞ்சம் திடீரென்றுதான் பிரேக் போட்டேன்" என்று மரியாதைக்காக ஒரு வார்த்தை சொன்னால், உங்கள் கவனக்குறைவும் விபத்துக்குக் காரணம் என்று வாதிட்டு இழப்பீட்டில் ஒரு பங்கைக் கழிக்கப் பார்ப்பார்கள். உண்மையில், முன்னால் போகும் வண்டி நிற்க நேர்ந்தால் தானும் நிறுத்தும் அளவுக்கு இடைவெளி விட வேண்டியது பின்னால் வருபவரின் கடமை. கேள்விகளை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள், எழுத்திலேயே பதில் தருவதாகச் சொல்லுங்கள்.

உங்கள் சொந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் விஷயம் நேர்மாறானது. அங்கே எதையும் மறைக்கக் கூடாது. காப்பீடு செய்பவரும் செய்துகொள்பவரும் ஒருவருக்கொருவர் முழு நேர்மையுடன் நடக்க வேண்டும் என்று 1766-இலேயே இங்கிலாந்தில் மான்ஸ்ஃபீல்டு பிரபு தீர்ப்பளித்தார். விபத்தைப் பற்றி அவர்களுக்கு இன்னும் தெரிவிக்கவில்லையென்றால் இன்றே தெரிவியுங்கள். தாமதத்தைக் காரணம் காட்டி கிளைமை மறுக்க இடம் கொடுக்காதீர்கள். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும் முன் வண்டியைப் பிரிக்கவோ, உடைந்த பாகங்களைத் தூக்கி எறியவோ மெக்கானிக்கை விடாதீர்கள். தேய்மானம் என்று சொல்லித் தொகையைக் குறைத்தால், பாலிசியின் எந்த விதிப்படி என்று கேளுங்கள். விதியின் வாசகம் இரு பொருள்பட இருந்தால், அதை எழுதிய நிறுவனத்துக்கு எதிராகவே பொருள் கொள்வது நீதிமன்றங்களின் வழக்கம்.

ஸ்கேன் அறிக்கை, மருந்துச் சீட்டு, வேலைக்குப் போகாத நாட்களின் விவரம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். வலி எப்படி இருந்தது என்று தினமும் இரண்டு வரி எழுதி வையுங்கள். நிறுவனத்துடன் பேச்சு நடக்கிறது என்பதற்காக வழக்குத் தொடுக்கும் காலக்கெடு தானாக நீளாது. அந்தக் கடைசித் தேதியை உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் இந்த வாரமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.