எட்டு வயதுக் குழந்தை சிரித்துக்கொண்டே படிக்க, படங்கள் நிறைந்த கடல் சாகசக் கதை எது?

கடல் வேண்டும், சிரிப்பு வேண்டும், பக்கத்துக்குப் பக்கம் படம் வேண்டும், ஆனால் அடிதடியும் கொலையும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த நாலும் ஒரே புத்தகத்தில் அமைவது அபூர்வம். கடற்கொள்ளைக் கதை என்றாலே வாளும் பீரங்கியும் வந்துவிடும். அதை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சப்பென்று ஆகிவிடும்.

என் பதில் ஒன்றே ஒன்றுதான்: டின்டின் என்ற இளம் நிருபனின் சாகச வரிசையில் வரும் 'ரெட் ரேக்கமின் புதையல்'. பெல்ஜியத்துக்காரரான ஹெர்ஜே எழுதி வரைந்த படக்கதை. அறுபத்திரண்டு பக்கம், முழு வண்ணம். என் அக்கா மகளோடு உட்கார்ந்து இதை எத்தனை தடவை புரட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அவளுக்கு ஆங்கிலம் திக்கித் திணறும் வயது அது. நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் படத்தைப் பார்ப்பாள். பல இடங்களில் நான் சொல்வதற்கு முன்பே சிரித்துவிடுவாள்.

கதை எளிது. டின்டினின் நண்பரான கப்பல்காரர் கேப்டன் ஹேடாக்கின் மூதாதையரான சர் ஃபிரான்சிஸ், 1676-ல் 'யூனிகார்ன்' என்ற தன் கப்பலோடு ரெட் ரேக்கம் என்ற கொள்ளைக்காரனிடம் மாட்டுகிறார். கடைசியில் அவனை வீழ்த்தி, அவன் கொண்டுவந்த புதையலோடு தன் கப்பலையே வெடிவைத்துக் கடலில் மூழ்கடித்துவிடுகிறார். அந்த இடத்தைத் தேடி டின்டின், அவனுடைய நாய் ஸ்னோயி, கேப்டன் ஹேடாக், ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும் இரண்டு துப்பறிவாளர்கள், காது மந்தமான ஒரு விஞ்ஞானி எல்லோரும் 'சிரியஸ்' என்ற மீன்பிடிக் கப்பலில் கிளம்புகிறார்கள்.

இதில் பலர் கவனிக்காத விஷயம், இந்தப் புத்தகத்தில் வில்லனே கிடையாது. சிறையிலிருந்து ஒரு குற்றவாளி தப்பிவிட்டான், பின்தொடரக்கூடும் என்று சொல்லித்தான் அந்த இரண்டு துப்பறிவாளர்களும் காவலுக்குக் கப்பலேறுகிறார்கள். ஆனால் அவன் வந்து வழிமறிப்பதே இல்லை. ரெட் ரேக்கம் செத்து இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்புறம் யாரோடு மோதல்? கடலோடு, தப்புக் கணக்கோடு, ஆறிப்போகாத ஆவலோடு. 2011-ல் ஸ்பீல்பெர்க் இந்தக் கதைகளைப் படமாக்கியபோது, கப்பல் பொம்மை சேகரிக்கும் ஒரு சாதுவான மனிதரை வில்லனாக மாற்றவேண்டி வந்தது. புத்தகத்துக்கு அந்தத் தேவையே ஏற்படவில்லை.

வில்லன் இல்லாமல் அறுபத்திரண்டு பக்கம் எப்படி ஓடுகிறது? இங்கே சிரிப்பு கதைக்கு நடுவில் ஒட்டவைத்ததல்ல. கப்பலை நகர்த்துவதே அந்தச் சிரிப்புதான். சில இடங்களைச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

முதலில் கிளிகள். ஆளில்லாத தீவில் இறங்கி நடக்கும்போது காட்டுக்குள்ளிருந்து யாரோ கண்டபடி திட்டுகிறார்கள். அதுவும் ஹேடாக் திட்டுகிற அதே வசவுகள். ஹேடாக்குக்குக் கோபம் தலைக்கேறுகிறது. பார்த்தால் மரத்தில் கிளிகள். சர் ஃபிரான்சிஸ் அந்தத் தீவில் தங்கியிருந்தபோது திட்டித் தீர்த்ததை அன்றைய கிளிகள் கற்றுக்கொண்டு, குஞ்சுகளுக்குச் சொல்லிக்கொடுத்து, தலைமுறை தலைமுறையாக வந்து சேர்ந்திருக்கிறது. குழந்தை இந்த இடத்தில் உருண்டு சிரிக்கும். ஆனால் அந்தக் கிளிகள்தான் சாட்சி. மூதாதையர் இந்தத் தீவில்தான் இருந்தார், வந்த இடம் சரி என்று அவைதான் உறுதி சொல்கின்றன. சர் ஃபிரான்சிஸின் முகச்சாயலில் வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருக்கும் ஒரு சிலையும் தீவில் உண்டு. அதுவும் சிரிப்பு, அதுவும் துப்பு.

அடுத்தது அந்த இரண்டு துப்பறிவாளர்கள் போடும் கணக்கு. கப்பல் எங்கே நிற்கிறது என்று ஹேடாக் கணித்துவிட்டார். இவர்கள் அதைச் சரிபார்க்கிறோம் என்று தாங்களே ஒரு கணக்குப் போட்டுக் கொண்டுவருகிறார்கள். ஹேடாக் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு, தொப்பியைக் கழற்றுங்கள் என்கிறார். அவர்களும் கழற்றிவிட்டு ஏன் என்று கேட்க, உங்கள் கணக்குப்படி நாம் இப்போது வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்துக்குள் நிற்கிறோம் என்கிறார். ஆங்கிலப் பதிப்பில் அப்படி. இதைப் படித்தபோது அக்கா மகள் அட்சரேகை, தீர்க்கரேகை என்றால் என்ன என்று தானாகவே கேட்டாள். கடல் நடுவில் அடையாளத்துக்கு மரமோ மலையோ கிடையாது, எண்தான் முகவரி என்று உலக உருண்டையில் விரல் வைத்துக் காட்டியதும் டக்கென்று பிடித்துக்கொண்டாள்.

அந்த எண்கள்தான் கதையின் உயிர்நாடி. யூனிகார்ன் கப்பலின் மூன்று பொம்மைகளின் பாய்மரங்களுக்குள் மூன்று தோல்சுருள்கள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் அரைகுறைக் கிறுக்கல். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் வடக்கே 20 பாகை (டிகிரி) 37 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு), மேற்கே 70 பாகை 52 கலை என்று விநாடி வரைக்கும் எண்கள் தெரியும். இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மூன்று ட்ரேசிங் பேப்பர் எடுத்து, ஒவ்வொரு எண்ணின் கோடுகளையும் பிரித்து, வளைவு ஒரு தாளில், நேர்கோடு இன்னொன்றில், மிச்சம் மூன்றாவதில் என்று எழுதிவிடுங்கள். ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தால் எண் முழுசாக வரும். அது தெரிகிற நொடியில் குழந்தையின் முகத்தைப் பார்க்கவேண்டும்.

சரி, கப்பல் அந்த இடத்துக்குப் போய்விட்டது. தீவைக் காணோம். சுற்றிலும் தண்ணீர். எல்லோரும் சோர்ந்துபோய்த் திரும்பலாமா என்று நினைக்கும் நேரத்தில் டின்டினுக்குப் பொறி தட்டுகிறது. தீர்க்கரேகையை நாம் லண்டனில் உள்ள கிரீனிச்சைச் சுழியாக, அதாவது பூஜ்யமாக, வைத்து எண்ணுகிறோம். மூதாதையர் பாரிஸைச் சுழியாகக் கொண்ட பிரெஞ்சு வரைபடத்தை வைத்திருந்தால்? அப்படியென்றால் நாம் அளவுக்கு மீறி மேற்கே வந்துவிட்டோம்!

இந்தக் கணக்கு நிஜமாகவே சரியாக வருகிறது. பாரிஸ் கோடு கிரீனிச்சுக்குக் கிழக்கே 2 பாகை 20 கலை தள்ளி இருக்கிறது. அந்த அட்சரேகையில் அது சுமார் 240 கிலோமீட்டர். பாரிஸ் கோடு 1667-ல் வகுக்கப்பட்டது, மூதாதையரின் கதை நடப்பது 1676. கிரீனிச் உலகப் பொதுச்சுழியாக ஒத்துக்கொள்ளப்பட்டது 1884-ல்தான். பிரான்ஸ் அதற்குப் பிறகும் 1911 வரை தன் பாரிஸ் கோட்டை விடவில்லை. (கடலில் தீர்க்கரேகையை நம்பகமாக அளக்க வழிசெய்த ஜான் ஹாரிசனின் கடிகாரம் சோதனைக்குக் கப்பலேறியதே 1761-ல். ஆகவே 1676-ல் விநாடி வரை எழுதிவைத்தது கதாசிரியர் எடுத்துக்கொண்ட சுதந்திரம். அதனால் ரசனை ஒன்றும் குறையவில்லை.) சிறுவர் கதையில் ஒரு முடிச்சை அவிழ்க்கத் துப்பாக்கியும் இல்லாமல் மந்திரமும் இல்லாமல் பூகோளத்தைக் கொண்டுவந்த துணிச்சலுக்கே ஹெர்ஜேக்குக் கும்பிடு போடலாம்.

அந்த எண்களை வரைபடத்தில் தேடினால் கரீபியன் பகுதியிலுள்ள ஹிஸ்பானியோலா தீவுக்கு வடக்கே, திறந்த கடலில் போய் நிற்கும். அங்கிருந்து அதிகத் தூரமில்லாத சில்வர் பேங்க் என்ற பவளத்திட்டில் 1641-ல் நிஜமாகவே ஒரு ஸ்பானியப் புதையல் கப்பல் மூழ்கியது. 1687-ல் வில்லியம் ஃபிப்ஸ் என்பவர் ஆள் இறக்கி, அதிலிருந்து டன் கணக்கில் வெள்ளி எடுத்தார். ரெட் ரேக்கம் என்ற பெயருக்குப் பின்னாலும் நிஜக் கொள்ளைக்காரன் உண்டு. 'காலிகோ ஜாக்' என்ற ஜான் ரேக்கம், 1720-ல் ஜமைக்காவில் தூக்கிலிடப்பட்டவன்.

அந்த விஞ்ஞானியைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. புரொஃபசர் கால்குலஸ் டின்டின் கதைகளில் முதன்முதலாகத் தலைகாட்டுவது இந்தப் புத்தகத்தில்தான். சுறாவின் உருவத்தில் ஒரு குட்டி நீர்மூழ்கி செய்துவைத்துக்கொண்டு, என்னையும் கூட்டிப்போங்கள் என்று நிற்கிறார். முடியாது என்று ஹேடாக் தொண்டை கிழியக் கத்துகிறார். அவர் காதில் அது சரி என்று விழுகிறது. டாக்டர் ஏற்கெனவே ஹேடாக்குக்கு, கல்லீரல் கெட்டிருக்கிறது, சொட்டு மது தொடக்கூடாது என்று கடிதம் எழுதியிருக்கிறார். ஹேடாக் ஒளித்து ஏற்றிய விஸ்கிப் பெட்டிகளை நடுக்கடலில் திறந்தால் உள்ளே இரும்புச் சாமான்! புரொஃபசர் நீர்மூழ்கியைக் கழற்றிப் பெட்டிகளில் போட்டு ஏற்றிவிட்டு, தானும் கப்பலில் ஒளிந்து வந்திருக்கிறார்.

காது கேளாமையை வைத்துச் சிரிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. என் பார்வையில் இங்கே அவர் கேலிப்பொருள் இல்லை. ஊரே வேண்டாம் என்று சொன்ன அவருடைய நீர்மூழ்கிதான் கடைசியில் மூழ்கிய கப்பலைக் கண்டுபிடிக்க உதவுகிறது. அவர் முகத்துக்கு மாதிரியாக இருந்தவர் ஆகுஸ்ட் பிக்கார் என்ற சுவிஸ் இயற்பியலாளர். 1931-ல் பலூனில் 15,000 மீட்டருக்கு மேல் ஏறியவர், பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பிற்பாடு ஆழ்கடலுக்குள் இறங்கும் கலத்தையும் வடிவமைத்தார். அவர் மகன் ஜாக் 1960-ல் அதில்தான் மரியானா அகழியின் அடிமட்டம் வரை போய்வந்தார். புத்தகத்தை மூடிய பிறகு குழந்தைக்குச் சொல்ல இதைவிட நல்ல உபகதை வேறு இல்லை.

படங்களைப் பற்றி ஒரே ஒரு கட்டத்தைச் சொல்கிறேன். தீவில் இறங்கும் காட்சி. முன்னால் ஹேடாக் மணலில் கால் வைத்து நடக்கிறார். பின்னால் மற்றவர்கள் கரையேறிக்கொண்டிருக்கிறார்கள், படகு இன்னும் தண்ணீர் விளிம்பில், தூரத்தில் கப்பல். கப்பலிலிருந்து படகில் இறங்கி, துடுப்புப் போட்டு வந்து, இப்போது நடக்கிறார்கள் என்ற முழு நிகழ்ச்சியும் ஒரு சொல் இல்லாமல் ஒரே சட்டத்துக்குள் இருக்கிறது. தான் வரைந்தவற்றில் மனசுக்கு மிகவும் பிடித்த படங்களில் ஒன்று என்று ஹெர்ஜே இதைச் சொல்லியிருக்கிறார். எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படும் குழந்தையும் இந்தக் கட்டத்தைப் 'படித்து'விடும். கோடு அவ்வளவு சுத்தம். தேவையற்ற நிழலோ கிறுக்கலோ எங்கும் இருக்காது.

பெற்றோர் தெரிந்துவைத்துக்கொள்ள இரண்டு விஷயம். ஹேடாக் குடிப்பவர். கடலடியில் பழைய ரம் பாட்டில்கள் கிடைத்ததும் ஆடித் தீர்க்கிறார், தலைக்கவசம் போடாமலே மறுபடி தண்ணீரில் இறங்கப் போகிறார். குழந்தை சிரிக்கும். குடியை உயர்த்திப் பேசும் இடம் எதுவும் இல்லை, ஆனாலும் உங்கள் வீட்டு நிலவரத்தைப் பொறுத்து நீங்களே முடிவு செய்யுங்கள். இன்னொன்று, இந்தக் கதை 1943-ல், ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்த பெல்ஜியத்தில், அவர்கள் கட்டுப்பாட்டிலிருந்த 'ல சுவார்' நாளிதழில் தினமும் ஒரு கீற்றாக வந்தது. பெல்ஜியம் விடுதலையான பிறகு ஹெர்ஜே அதற்காக விசாரணைக்கு உள்ளானார். அரசியல் பேசமுடியாத காலத்தில் அவர் கதையைக் கடலுக்குக் கொண்டுபோனார் என்பது என் கருத்து. தினமும் நாலைந்து கட்டத்தில் ஒரு சிரிப்பு, ஒரு திருப்பம் தரவேண்டியிருந்ததால்தான் எங்கேயும் தொய்வே தெரிவதில்லை.

புதையல் எங்கே கிடைத்தது என்று நான் சொல்லமாட்டேன். குழந்தை முந்திக்கொண்டு கடைசிப் பக்கத்தைத் திருப்பாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது, இது இரண்டாம் பாகம் என்பதை மறக்கவேண்டாம். முதல் பாகம் 'யூனிகார்னின் ரகசியம்'. தோல்சுருள்கள் கிடைப்பதெல்லாம் அதில்தான். அதில் துப்பாக்கி, ஆள்கடத்தல், கடற்போர் எல்லாம் கொஞ்சம் உண்டு. ஆனால் அந்தக் கடற்போரை ஹேடாக் தன் வீட்டு அறையிலேயே வாளைச் சுழற்றி நடித்துக் காட்டி, கடைசியில் மூதாதையரின் ஓவியத்தைத் தலையால் கிழித்துக்கொண்டு நிற்பார். பயத்தைவிடச் சிரிப்புதான் வரும். அதுவும் வேண்டாம் என்றால் முதல் பாகத்தை நீங்களே வாய்மொழியாகச் சுருக்கிச் சொல்லிவிட்டு இரண்டாவதைக் கையில் கொடுங்கள். இரண்டையும் கொடுப்பதாக இருந்தால் சேர்த்தே வாங்கிவிடுங்கள். முதல் பாகத்தின் கடைசிக் கட்டத்தில் டின்டின் நம் பக்கம் திரும்பி, மிச்சம் அடுத்த புத்தகத்தில் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். அன்று ராத்திரியே அடுத்தது எங்கே என்று கேள்வி வரும்.