வேலையின்மை குறைந்துவிட்டதாம், வீட்டுக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் மாநிலத்தில் வேலையின்மை விகிதம் குறைந்துவிட்டது, பொருளாதாரம் நன்றாக இருக்கிறது என்று செய்திகளில் சொல்கிறார்கள். நானும் கணவரும் ஒரே துறையில், வேறு வேறு நிறுவனங்களில் வேலை பார்க்கிறோம். கணவரின் நிறுவனத்தில் ஆறு மாதமாகப் புதிதாக யாரையும் எடுக்கவில்லை. 20 வருட வீட்டுக் கடனுக்கு இப்போது விண்ணப்பிக்கலாமா?

பதில்: சகோதரி, செய்தியில் வந்த எண்ணைவிட, உங்கள் கணவரின் நிறுவனத்தில் ஆள் எடுப்பது நின்றுபோனதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு வேலை செய்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர் என்பதுதான் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வரையறை. வேலையில்லாதவர் பட்டியலில் வர வேண்டுமானால், அவர் வேலை தேடிக்கொண்டும் இருக்க வேண்டும். தேடித் தேடி அலுத்து வீட்டில் உட்கார்ந்துவிட்டவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார். அதனால் இந்த விகிதம் குறைந்த செய்தியைப் படித்தால், உழைப்பாளர் பங்கேற்பு விகிதம், அதாவது வேலை செய்யும் வயதில் உள்ளவர்களில் வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்து எத்தனை சதவீதம் என்பது, என்ன ஆனது என்றும் பாருங்கள். அதுவும் சேர்ந்து இறங்கியிருந்தால் அது நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, வேலையின்மை விகிதம் தாமதமாகவே அசையும். வியாபாரம் மந்தமானால் நிறுவனங்கள் பெரும்பாலும் முதலில் ஓவர்டைமைக் குறைக்கும். பிறகு ஆள் எடுப்பதை நிறுத்தும். அப்புறம் ஒப்பந்தத் தொழிலாளர்களை அனுப்பும். நிரந்தர வேலைக்காரர்கள் மேல் கை வைப்பது கடைசியில்தான். என்னிடம் வந்த ஒரு தம்பதியின் பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டுகளை மேசையில் வரிசையாக அடுக்கிப் பார்த்தோம். அடிப்படைச் சம்பளம் மாறவே இல்லை. ஓவர்டைம் என்ற வரியில் மட்டும் தொகை மாதாமாதம் சுருங்கி, கடைசி மூன்று சீட்டுகளில் அந்த வரியே இல்லை. அவர்கள் அதைக் கவனித்திருக்கவில்லை. நீங்களும் இன்றைக்கு இரண்டு பேரின் சீட்டுகளையும் அப்படி அடுக்கிப் பாருங்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது, இரண்டு சம்பளமும் ஒரே துறையிலிருந்து வருவதுதான். அமெரிக்காவின் நெவாடா மாநிலம் சுற்றுலாவையும் சூதாட்ட விடுதிகளையும் நம்பியிருப்பது. 2020 தொடக்கத்தில் அங்கே வேலையின்மை சுமார் 4 சதவீதம். பெருந்தொற்றால் விடுதிகள் மூடப்பட்டதும் ஏப்ரலில் 30 சதவீதத்தை ஒட்டிப் போய்விட்டது. அதே மாதம் நாடு முழுவதற்குமான விகிதம் 15 சதவீதத்தைத் தொடவில்லை. 1986-ல் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது டெக்சாஸின் ஹூஸ்டன் நகரில் வேலைகள் போனதோடு வீட்டு விலையும் விழுந்தது. ஊரே ஒரு தொழிலை நம்பியிருந்தால், சம்பளம் நிற்கும் நேரத்தில் வீட்டை நல்ல விலைக்கு விற்கவும் முடியாது. நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனங்களின் பங்குகள் கையில் இருந்தால் அவற்றையும் குறைத்துக்கொள்ளுங்கள், அவையும் அதே துறைதானே.

வீடே வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. மாதத் தவணையை ஒருவர் சம்பளத்தில் மட்டும் கட்டி, வீட்டுச் செலவையும் சமாளிக்க முடியுமா என்று கணக்குப் போடுங்கள். முடியாவிட்டால் சின்ன வீடாகப் பாருங்கள். அவசர நிதி பொதுவாக ஆறு மாதச் செலவுக்குப் போதும் என்பேன். உங்களுக்கு ஒரு வருடத்துக்காவது வேண்டும், அதுவும் முன்பணம் கட்டிய பிறகு கையில் மிஞ்சுவதாக இருக்க வேண்டும். வட்டி குறையட்டும் என்று மட்டும் காத்திருப்பதில் அர்த்தமில்லை. மந்த காலத்தில் வட்டி இறங்கினாலும் வங்கிகள் வேலையின் உறுதியைத் துருவிப் பார்க்கும்.

சரி, கணவரிடம் ஒன்று கேளுங்கள்: இந்த ஆறு மாதத்தில் விலகிப்போனவர்களின் இடத்துக்கு யாராவது வந்தார்களா? வந்திருந்தால், மேலே சொன்ன கணக்கு சரியாக வரும் பட்சத்தில் விண்ணப்பிக்கலாம். அந்த இடங்களும் காலியாகவே இருந்தால், இன்னும் ஆறு மாதம் தள்ளி வைத்துவிட்டு, தவணைக்கு ஒதுக்க நினைத்த தொகையை மாதாமாதம் அவசர நிதியில் போட்டு வாருங்கள்.