ஆளில்லாத தீவுக்கு ஒரு நாட்டுக் குறியீடு

கேள்வி: என் மகளின் மேற்படிப்புக்காக இணையத்தில் விண்ணப்பம் நிரப்பியபோது, நாடுகளின் பட்டியலில் போட்ஸ்வானாவுக்கும் பிரேசிலுக்கும் நடுவே ‘பூவெட் ஐலண்ட்’ என்றொரு பெயரைக் கண்டேன். அது எந்த நாடு? அங்கே யார் வசிக்கிறார்கள்?
– வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: ஒருவரும் வசிக்கவில்லை. பிரெஞ்சுப் பெயர் என்பதால் கடைசி எழுத்து ஒலிக்காது. ‘பூவே’ என்றே சொல்ல வேண்டும். பெயரில்தான் பூ, பாசியும் லைக்கனும் ஒட்டியிருக்கும் அந்தத் தீவில் பூக்கும் செடி ஒன்றுகூடக் கிடையாது.

தென் அட்லாண்டிக்கில் எரிமலையால் உருவான இதன் பரப்பு 49 சதுர கி.மீ.; நம் போரிவலி தேசியப் பூங்காவில் ஏறக்குறையப் பாதி. அதிலும் சுமார் 93 விழுக்காடு பனிப்பாறை மூடிய நிலம். தெற்கே அண்டார்டிகாக் கரைக்குச் சுமார் 1,700 கி.மீ. போக வேண்டும்; தாதரில் ஏறிச் சென்னையில் இறங்கும் தூரத்தைவிட இது அதிகம்.

1739 ஜனவரி 1 அன்று, மூடுபனிக்கிடையே இதைக் கண்ட பிரெஞ்சு மாலுமி பூவே, தென்கண்டம் ஒன்றின் முனையைக் கண்டுவிட்டதாகவே நம்பினார். தீர்க்கரேகையைத் துல்லியமாகக் கணிக்கும் வசதி அக்காலக் கப்பல்களில் இல்லாததால் அவர் குறித்த இடம் பிசகிவிட, பின்னர் தேடிவந்த ஆங்கிலேய மாலுமி ஜேம்ஸ் குக்கின் கண்ணிலேயே தீவு படவில்லை. 1898இல் ‘வால்டிவியா’ என்ற ஜெர்மன் ஆய்வுக் கப்பல்தான் அதன் இடத்தைச் சரியாகக் குறித்தது. 1927இல் நார்வேக்காரர்கள் கரையேறிக் கொடி நாட்டினார்கள். பிரிட்டனும் உரிமை கோரி, பின்னர் விட்டுக்கொடுத்தது. திமிங்கில வேட்டைக்கு ஒரு தளம் கிடைக்குமா என்பதே நார்வேயின் கணக்கு. ஆனால் சுற்றிலும் செங்குத்துப் பாறையாக நிற்கும் கரையில் படகை ஒதுக்குவதே பெரும்பாடு. 1955க்கும் 1958க்கும் இடையில் வடமேற்கே பாறைகள் சரிந்து உண்டான சிறு மேடையில், இப்போது பென்குயின்களும் கடல்நாய்களும் குடியிருக்கின்றன.

பட்டியலில் இது இடம்பெற்ற கதைக்கு வருவோம். 1930ஆம் ஆண்டுச் சட்டப்படி இது நார்வேயைச் சார்ந்த பகுதியே தவிர, அந்த நாட்டின் ஓர் அங்கமாகாது. அத்தகைய சார்புப் பகுதிகளுக்கும் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு தனி நாட்டுக் குறியீடு வழங்குகிறது, பூவேக்கு ‘பிவி’. இணையதளம் அமைப்பவர்கள் அப்பட்டியலை அப்படியே எடுத்துப் போட்டுவிடுவதால், பென்குயின்களுக்கும் விண்ணப்பத்தில் ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. இணைய முகவரிகளின் முடிவில் வரும் ‘.பிவி’கூட இத்தீவுக்கென ஒதுக்கப்பட்டதுதான். ஆனால் நார்வே அதைப் பயன்பாட்டுக்குத் திறந்துவிடவில்லை.